ஃப்ளாக் பாட்டுக்கு மலிவான பிளேயர்: 384 கிலோஹெர்ட்ஸ் தேவையா?

சிடிகளிலிருந்து எடுத்த நானூறு ஆல்பம், எல்லாமே ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை), கேட்பது வயர் இயர்போனில். ஒலியை எவ்வளவு நுணுக்கமாகக் கையாளும் என்பதைக் காட்ட 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் பிளேயருக்குக் கூடுதல் பணம் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சிடியே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். அதிலிருந்து எடுத்த கோப்பில் அதற்கு மேல் எதுவும் ஒளிந்திருக்காது.

அந்தக் காசை மெமரி கார்டில் போடுங்கள். ஃப்ளாக்கில் ஒரு ஆல்பம் சுமார் 300 எம்பி, நானூறுக்கு 120 ஜிபி. 128 ஜிபி கார்டு பிதுங்கிவிடும், 256 வாங்குங்கள். ஆனால் அவ்வளவு பெரிய கார்டை அந்த பிளேயர் ஏற்குமா என்று முதலில் பாருங்கள். மலிவானவற்றில் சில 32 ஜிபியோடு நின்றுவிடும். அப்புறம், லைப்ரரியில் எத்தனை பாட்டு சேரும் என்பதற்கும் சிலவற்றில் வரம்பு உண்டு. இதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை! ஃபோல்டரைத் திறந்து நேராகக் கேட்க முடிந்தால் பிரச்சினை இல்லை.

புளூடூத்துக்காகவும் அதிகம் கொடுக்காதீர்கள். புளூடூத்தில் உயர்தர ஒலி அனுப்பும் முறையான எல்டாக் கூட உச்சத்தில் நொடிக்கு 990 கிலோபிட்தான், ஒலித் தகவலில் இழப்பும் உண்டு.

வாங்கும் முன் கையில் கிடைத்தால் ஒரு கச்சேரிப் பதிவைப் போடுங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது கைதட்டல் நடுவில் அறுந்தால், அந்த பிளேயரை வைத்துவிட்டு வாருங்கள். பாட்டை நிறுத்தியதும் 'உஸ்' என்று இரைந்தாலும் அப்படியே.