கேளுங்கள்: கடலும் காற்றும்

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறோம். செயலி 15 நாட் காற்று என்கிறது. குழந்தைகளைக் கடலில் இறக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். 15 நாட், ஏறக்குறைய 28 கி.மீ. ஆனால் அது சராசரி வேகம்தான். அதே பக்கத்தில் 'கஸ்ட்' என்றொரு வரி இருக்கும். திடீர் வீச்சின் வேகம் அது. முதலில் அதைப் பாருங்கள். ராமேஸ்வரம் ஒடுங்கிய தீவு என்பதால் வானிலையைக் கணிக்கும் பல கணினி மாதிரிகளுக்கு அது சரியாகத் தெரிவதில்லை. பிற்பகல் வேகத்தைச் செயலி குறைத்துச் சொல்ல வாய்ப்புண்டு.

வேகத்தைவிடத் திசை முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும். வடகடல் (பாக் விரிகுடா) குளம்போலக் கிடக்கும். அந்த அமைதியை நம்பவே நம்பாதீர்கள்! அங்கே காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. காற்றடைத்த மிதவையில் இருக்கும் குழந்தையை அது சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிடும். எதிர்த்து நீந்திக் கரைசேர்வது பெரியவர்களுக்கே கடினம். மிதவையே வேண்டாம். காலையிலேயே, இடுப்பளவுத் தண்ணீருக்குள், கைக்கெட்டும் தூரத்தில் குளிக்க வையுங்கள். நீர்ப்பரப்பில் பரவலாக வெள்ளை நுரை தெரிந்தால் கரையேறிவிடுங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாமென வானிலை ஆய்வு மையம் எச்சரித்த நாளில் கால் நனைப்பதோடு சரி.