காதல் மாறக்கூடியது என்றால், கல்யாணத்தில் கொடுக்கிற வாக்குக்கு என்ன பொருள்?

கேள்வியில் இரண்டு சிக்கல் கலந்து கிடக்கிறது. காதல் ஓர் உணர்வு, உணர்வு மாறும், அப்படியிருக்க "கடைசி வரைக்கும்" என்று எந்தத் துணிச்சலில் வாக்குக் கொடுப்பது என்பது ஒன்று. காதல் தணிந்த பிறகும் சேர்ந்தே இருப்பவர்கள் வெறும் பழக்கத்தில்தான் ஓட்டுகிறார்களா என்பது இன்னொன்று.

முதலாவதற்கு ஜெர்மன் தத்துவவாதி நீட்சே 1878இலேயே வழி காட்டிவிட்டார்: செயலுக்கு வாக்குக் கொடுக்கலாம், உணர்வுக்குக் கொடுக்க முடியாது. "சாகிற வரை இதே மாதிரி உன்மேல் ஆசையாக இருப்பேன்" என்று யார் சொன்னாலும் அது ஆசைதான். "உனக்கு உடம்பு முடியாமல் போனால் நான் பக்கத்தில் இருப்பேன்" என்பதுதான் வாக்கு. காப்பாற்றினாரா இல்லையா என்று மூன்றாம் மனிதர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

வேலூர்ப் பக்கத்துக் கல்யாணங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே இது தெரியும். ஆம்பூரிலோ மேல்விஷாரத்திலோ நிக்காஹ் என்றால் பெண்ணின் சம்மதம், இரண்டு சாட்சி, மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது) எவ்வளவு, அதை இப்போதே கொடுப்பதா பிறகா என்பது வரை பேசிக் கையெழுத்தாகிறது. காதல் என்ற பேச்சே அதில் வராது. சர்ச் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து, தடை சொல்ல நினைப்பவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் வாக்கு. அந்த வாக்கும் வியாதியையும் தரித்திரத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடும். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் தமிழ்நாடு செய்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் இருவருக்கும் புரிகிற மொழியில் "ஏற்கிறேன்" என்று சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றினாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம். ஆனால் பார்க்க நாலு பேர் வேண்டும்.

ஏன் அந்த நாலு பேர்? குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் ஒருத்தி புலம்புகிறாள்: அன்றைக்கு அங்கே யாருமே இல்லை, அவன் மட்டும்தான் இருந்தான், ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு (நாரை மாதிரி ஒரு பறவை) நின்றது, அவன் சொன்னதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? காதல் இருந்ததா என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. கேட்க ஆள் இல்லை என்பதுதான் அவள் பயம். பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகுதான் பெரியவர்கள் மணச்சடங்கை வகுத்தார்கள் என்று தொல்காப்பியம், மணவாழ்க்கையைப் பேசும் கற்பியலில் சொல்வதும் இதைத்தான். காட்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிற வள்ளிமலைக் கதையும் அப்படியே போகிறது: தினைப்புனத்தில் களவாகச் சேர்ந்த முருகனே, வள்ளியின் அப்பா நம்பிராஜன் கேட்டுக்கொண்டபடி ஊருக்குத் திரும்பி வந்து எல்லார் முன்னாலும் வள்ளியின் கையைப் பிடிக்கிறான்.

ஆக, கல்யாண உறுதி என்பது, தன்மேல் உரிமையோடு கேள்வி கேட்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குத் தானாக முன்வந்து கொடுப்பது. காதலில் கெஞ்சலாம், கோபித்துக்கொள்ளலாம். கல்யாணத்தில் கேட்கலாம்.

இது எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் இடம் இருக்கிறது. இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நடந்தது. உயிரோடு இருப்பவர் உறுப்புக் கொடுப்பதற்கு 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் நெருங்கிய உறவுகளைப் பட்டியல் போட்டது: அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தவர்கள். 2011 திருத்தம் தாத்தா பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தது. இவர்கள் எல்லாம் ரத்த உறவு என்று வருபவர்கள். அதே வரிசையில் வாக்கினால் மட்டுமே வந்து நிற்கிற ஒரே ஆள், கணவன் அல்லது மனைவி. உடம்பைப் பொறுத்தவரை இருவரும் அந்நியர்கள்தான். மனைவி கொடுத்த சிறுநீரகத்தைக் கணவனின் உடம்பு எதிர்க்காமல் இருக்க, அது வேலை செய்கிற காலமெல்லாம் தினமும் மாத்திரை போட வேண்டும். சட்டமோ அவளை அவன் தாய்க்குச் சமமாக நிறுத்துகிறது. ஆஸ்பத்திரியில் கேட்பது திருமணச் சான்றிதழ், கல்யாண போட்டோ போன்றவற்றைத்தான். எவ்வளவு காதல் என்று நிரப்ப எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

அதே சட்டத்தின் விதிகளில் இன்னொரு வரி உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அவள் சுயமாகச் சம்மதித்தாளா என்பதைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும். 2014 விதிகள் இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம், பெறுபவர்களில் ஆண்களே அதிகம். "மாட்டேன்" என்று சொல்ல முடியாத இடத்தில் வருகிற "சரி"க்கு உறுதி என்று பெயர் வைப்பது நியாயம் இல்லை. ஒரு குடும்பத்தில் இருப்பது உறுதியா கட்டாயமா என்று தெரிய வேண்டுமானால் நிலைமையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அவளுக்கு இதே வியாதி வந்திருந்தால் அந்த வீட்டில் யார் முதலில் எழுந்து நிற்பார்கள்?

இனி பழக்கம் பற்றிய கேள்வி. சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம். குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து வருகிற ஜோடியில் மற்றவர் வேலை என்ன? ஒரு நாளைக்கு டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரை பாட்டிலில் அளந்து வைக்க வேண்டும், அதில் காபி, ரசம், மோர் எல்லாம் கணக்கு. உருளைக்கிழங்கை வெட்டி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், பொட்டாசியம் குறைய. இளநீர், வாழைப்பழம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையில் யாராவது பி.பி. பார்க்க வருகிறார்களா என்று கண் வைக்க வேண்டும். பழக்கம் என்றால் யோசிக்காமல் நடப்பது. இதில் யோசிக்காத நாள்தான் ஆபத்தான நாள். தணிந்த காதல் பெரும்பாலும் இப்படித்தான் வேறு உருவத்தில் இருக்கிறது. வெளியே தெரியாததால் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

கெட்டுப்போவது எங்கே என்றால், பெரும்பாலும் கணக்கில். "உனக்காக எவ்வளவு செய்தேன்" என்று ஆரம்பித்த அன்றே வாக்கு கடனாகிவிடும். இன்னொன்று, வாக்கு மொட்டையாக இருப்பது. மண்டபம், மேளம், முந்தின நாள் ரிசப்ஷன், ஆல்பம் என்று மாதக்கணக்கில் பேசுகிற இரண்டு குடும்பமும், பெண்ணின் அப்பா அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்ப்பது என்று ஒரு வார்த்தை பேசாது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இருவரும் தனியாக உட்கார்ந்து நாலு விஷயத்தைப் பேசிவிடுங்கள்: இருக்கிற கடன், இருக்கிற வியாதி, அவரவர் வீட்டுக்கு அனுப்பும் பணம், பெங்களூரு வேலையோ பட்டாளமோ என்றால் எத்தனை வருஷம் பிரிந்திருப்பது. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இது காதலைக் கொச்சைப்படுத்துவதாக நினைப்பவர்கள் மஹர் பேசுகிறவர்களிடம் பாடம் படிக்கலாம்.

கல்யாணப் பதிவையும் தள்ளிப் போடாதீர்கள். தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் செய்ய வேண்டும். கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊரில் கேட்டால் சொல்வார்கள், பார்ட் டூ ஆர்டரில் (வீரரின் குடும்ப விவரம் ஏறுகிற ராணுவப் பதிவு) கல்யாணம் ஏறாவிட்டால் பின்னால் மனைவியின் பென்ஷன் வரைக்கும் இழுபறிதான்.

"கடைசி வரைக்கும்" என்பதற்கு அடி வாங்கிக்கொண்டு இருப்பது என்று யாரும் பொருள் சொன்னால் நம்பாதீர்கள். நடத்தைக்கு வாக்குக் கொடுத்தவர்கள் இருவரும்தான். கை ஓங்கியவர் ஏற்கெனவே அதை முறித்துவிட்டார். வெளியேறுகிறவர் முறிக்கவில்லை. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு பெண் விவாகரத்துக் கேட்காமலேயே பாதுகாப்பு உத்தரவும் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். முதலில் அழைக்க வேண்டிய எண் 181, பெண்கள் உதவி எண்.