தக்காளியைத் தொட்டதற்கா இத்தனை கோபம்?

டூரினில் முதுகலை படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி: 'இத்தாலிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. குடியிருக்கும் கட்டடத்தில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காபிக் கடையில் காசை நீட்டினால் வேறெங்கோ கை காட்டுகிறார்கள். சந்தையில் தக்காளியை எடுத்துப் பார்த்ததற்குக் கடைக்கார அம்மா கத்திவிட்டார். மூன்று மணிக்குச் சாப்பிடப் போனால் அடுப்பை அணைத்தாயிற்று என்கிறார்கள். வேறு வீடு பார்க்கலாமென்று போன் செய்தால், வெளிநாட்டவருக்குத் தருவதில்லை என்று வைத்துவிட்டார்கள். போதாததற்கு நான் சைவம். என் நிறம்தான் காரணமா, இல்லை நான்தான் ஏதாவது தப்பு செய்கிறேனா?'

நீங்கள் சொன்ன ஐந்தில் வீடு மறுத்தது மட்டும் வேறு கணக்கு, அதற்குக் கடைசியில் வருகிறேன். மற்ற நான்கிலும் உங்கள் இடத்தில் ஓர் இத்தாலியர் இருந்திருந்தாலும் அதே வரவேற்புதான் கிடைத்திருக்கும். வெளிநாட்டவருக்கும் இங்குள்ள அலுவலகங்களுக்கும் நடுவே நின்று பேசுகிற வேலை எனக்கு. வருகிறவர்களில் பாதிப்பேர் இதே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள்.

முதலில் உங்கள் கட்டடத்து லிஃப்ட். நாம் எப்படி ஏறுவோம்? உள்ளே ஒருவர் இருந்தால் லேசாகச் சிரிப்போம், இல்லாவிட்டால் போனைப் பார்ப்போம். நம் ஊரில் அது அடக்கம். இங்கே அது அலட்சியம். லிஃப்ட், மாடிப்படி, மருந்துக்கடை, டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறை என்று நாலு சுவருக்குள் யார் இருந்தாலும், நுழைகிறவர் முதலில் வாய் திறந்து 'புவோன்ஜோர்னோ' சொல்ல வேண்டும். தலையசைப்பு கணக்கில் வராது. கடையில் நேராக 'பால் இருக்கா?' என்று ஆரம்பித்தால், கல்யாண வீட்டில் யாரையும் விசாரிக்காமல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. வெளியே வரும்போதும், ஒன்றும் வாங்காவிட்டாலும், 'அர்ரிவெதெர்ச்சி' சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். சாயங்காலமானால் 'புவோனசேரா'. எத்தனை மணிக்கு மாற்றுவது என்பது ஊருக்கு ஊர் வேறு. எதிரில் இருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதைத் திருப்பிச் சொன்னால் போதும்.

'சாவ்' என்பதைப் பெரியவர்களிடம் சொல்லாதீர்கள். சினிமா பார்த்துவிட்டு வரும் எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். அது நண்பர்களுக்கும் குழந்தைகளுக்குமானது. இந்த விஷயத்தில் இங்கிலீஷ்காரர்களைவிட நமக்கு வசதி அதிகம். நீ, நீங்கள் என்ற வித்தியாசம் நம் ரத்தத்திலேயே இருக்கிறது. இங்கே 'தூ' என்றால் நீ, 'லெய்' என்றால் நீங்கள். வேடிக்கை என்னவென்றால், 'லெய்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் 'அவள்'. மரியாதைக்கு நாம் பன்மையைப் பிடித்துக்கொண்டோம், அவர்கள் படர்க்கையைப் பிடித்துக்கொண்டார்கள். மீசை வைத்த போலீஸ்காரரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். வயதில் மூத்தவரோ பதவியில் பெரியவரோ, 'தூ என்றே சொல்லுங்கள்' என்று அவராகச் சொல்லும்வரை லெய்தான். இரண்டும் இல்லாமல் இழுபறியாக இருந்தால் 'சால்வே' என்று ஒரு சொல் இருக்கிறது, சமாளித்துவிடலாம்.

இன்னொன்று, டூரின்காரர்கள் கொஞ்சம் இறுக்கமானவர்கள். தெற்கே பலெர்மோவில் பல வருடங்களாகக் குடியிருக்கும் இலங்கைத் தமிழர்களைக் கேட்டால் வேறு இத்தாலியைச் சொல்வார்கள். அங்கே இந்துத் தமிழ்க் குடும்பங்களே அந்த ஊரின் காவல் புனிதரான, கத்தோலிக்கர்கள் வணங்கும் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மோந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறுகின்றன. டூரினில் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதம் வெறும் புவோன்ஜோர்னோவோடு நிறுத்திக்கொள்வார். நாலாவது மாதம் மழையைப் பற்றிப் பேசுவார். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காபிக் கடை, அதாவது 'பார்'. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட அங்கேதான் நிற்கும். பழகிய சின்னக் கடையில் குடித்துவிட்டுக் காசு கொடுக்கலாம். ரயில் நிலையம், நெடுஞ்சாலை, கூட்டம் அதிகமுள்ள கடை என்றால் முதலில் 'காஸ்ஸா' என்கிற கல்லாவில் பணம் கட்டி ரசீது வாங்கி, அந்த ரசீதை மேடையில் வைத்துவிட்டுத்தான் காபி கேட்க வேண்டும். உங்களுக்குக் கை காட்டியது அந்தக் கல்லாவைத்தான். சரவண பவன் வகையறாக் கடைகளில் டோக்கன் வாங்கிப் பழகிய நமக்கு இது புதிதும் இல்லை. நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. பெரிய சதுக்கத்து மேசையில் இரண்டு மூன்று மடங்கு ஆகும். 'காஃபே' என்று மட்டும் கேட்டால் இரண்டு மிடறில் முடிகிற எஸ்பிரெசோ வரும். 'லாத்தே' என்று கேட்டால் ஒரு டம்ளர் வெறும் பால் வரும், தப்பு அவர்கள்மேல் இல்லை. கப்புச்சீனோவைக் காலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டால் கொடுப்பார்கள்தான், ஆனால் விருந்து முடிந்து மோர் சாதமும் ஆன பிறகு இட்லி கேட்டவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். நிறைந்த வயிற்றில் பால் போனால் ஜீரணம் கெடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஜீரணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இத்தாலியருக்கும் தமிழருக்கும் பொழுது போவதே தெரியாது. ஈரத்தலையோடு வெளியே போனால் 'கோல்போ தாரியா', காற்று அடித்துவிடும் என்று இங்குள்ள பாட்டிகள் சொல்வதைக் கேட்டால் உங்களுக்கு உங்கள் பாட்டி நினைவு வரும்.

சாப்பாட்டு நேரம். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை, ராத்திரி ஏழரைக்கு மேல். நடுவில் உணவகங்களின் அடுப்பு அணைந்திருக்கும். அந்த நேரத்தில் பசித்தால் பாருக்குப் போய் சாண்ட்விச் வாங்குங்கள், இல்லையென்றால் பீட்சாவைத் துண்டாக விற்கும் கடைக்குப் போங்கள். சின்னக் கடைகள் பலவும் ஒன்றிலிருந்து மூன்றரை, நாலு வரை சாத்தியிருக்கும். ஆகஸ்ட் 15 பெர்ரகோஸ்தோ பண்டிகை. அதை ஒட்டி ஊரே கடற்கரைக்கும் மலைக்கும் போய்விடும். அந்த மாதத்தில் அலுவலகக் காகித வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பில்லில் தலைக்கு ஒன்றிரண்டு யூரோ 'கொபேர்த்தோ' என்று வரும். அது ஏமாற்று இல்லை, மேசை விரிப்புக்கும் ரொட்டிக்குமான காசு. டிப்ஸ் கட்டாயமில்லை.

இதே மதிய ஓய்வு நேரம் உங்கள் கட்டடத்திலும் உண்டு. பெரும்பாலான குடியிருப்புகளில் மதியம் இரண்டு மணி நேரமும் இரவு பத்து, பதினொன்றுக்கு மேலும் சத்தம் கூடாது என்று விதி இருக்கும். நுழைவாயில் பலகையைப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மதியம் மூன்று மணிக்குச் சட்னிக்கு மிக்ஸி போட்டால் பேச்சு நின்றுபோவதில் வியப்பில்லை. தாளிப்பு வாசனைக்கும் கவலைப்படுகிறீர்களா? ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலிருக்கும் விசிறியைப் போடுங்கள், அவ்வளவுதான். சமையல் வாசனைக்காக ஒரு வழக்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே வாசனை நம் மசாலா அல்ல, இத்தாலியக் குழம்பும் எண்ணெயில் பொரித்ததும். இன்னொரு எச்சரிக்கை: இங்கே சாதாரண வீட்டு மின் இணைப்பு 3 கிலோவாட்தான். இண்டக்‌ஷன் அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், ஹீட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் வீடு இருட்டிவிடும். எனக்கு முதல் குளிர்காலத்தில் பாதிக் குளியலில் போனது. மீட்டர் அடித்தளத்தில். தலையில் சோப்போடு நாலு மாடி இறங்கினேன். படியில் எதிர்ப்பட்ட சிஞ்ஞோராவுக்கு, அதாவது ஓர் அம்மாவுக்கு, அந்த நிலையிலும் புவோனசேரா சொன்னேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார், அதுதான் டூரின்.

சைவத்துக்கு வருவோம். 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் கேட்காதீர்கள். பன்றித்தொடை இரண்டு துண்டு, நெத்திலி நாலு, இவற்றையெல்லாம் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'சோனோ வெஜெத்தாரியானோ' என்று சொல்லிவிட்டு, மீனும் வேண்டாம், இறைச்சி வேகவைத்த சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். உங்கள் ஊர் விசேஷமான பாஞ்ஞா காவ்தா காய்கறித் தட்டோடு வரும், ஆனால் குழம்பு பூண்டும் நெத்திலியும். அன்யொலோத்தி கொழுக்கட்டைக்குள் பெரும்பாலும் இறைச்சிதான். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால்தான் உறையவைக்கிறார்கள். கண்டிப்பான சைவமென்றால் அதையும் விட வேண்டும். ஒரு நல்ல செய்தியும் உண்டு: டூரின் பீட்சாக் கடைகளில் 'ஃபாரினாத்தா' என்று கேளுங்கள். கடலைமாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், வேறொன்றும் கிடையாது. பெரிய செப்புத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, ஓரம் முறுகலாக வெட்டித் தருவார்கள். மேலே மிளகு தூவிக்கொண்டால் நம் வீட்டுக் கடலைமாவு அடைதான்.

யாராவது வீட்டுக்கு அழைத்தால், கதவு திறந்திருந்தாலும் வாசலில் 'பெர்மெஸோ' என்று கேட்டுவிட்டே உள்ளே கால் வைக்க வேண்டும். பேஸ்ட்ரி கடையில் ஒரு தட்டு இனிப்பு கட்டச் சொல்லி எடுத்துப் போங்கள். பூ வாங்கினால் சாமந்தி மட்டும் வேண்டவே வேண்டாம். நமக்கு அது சாமி பூ. இங்கே நவம்பர் 2, இறந்தவர்கள் நாளில் கல்லறைக்கு வைக்கிற பூ. ஒரு ஆந்திர நண்பர் வீட்டுக்காரம்மாவின் பிறந்தநாளுக்கு மஞ்சள் சாமந்தியாகவே வாங்கிப் போனார். அந்த அம்மா நல்லவர், வாங்கி பால்கனியில் வைத்துவிட்டார். பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டிச் சொன்னாலும் அபசகுனம். உங்கள் பிறந்தநாளுக்கு நண்பர்களைப் பாருக்கு அழைத்தால் காசு கொடுப்பதும் நீங்கள்தான்.

வீடு கிடைக்காத விஷயம். அங்கே உங்கள் சந்தேகம் சரி. வெளிநாட்டவர் என்பதற்காக வீடு மறுப்பது இத்தாலியச் சட்டப்படி பாகுபாடு. ஆனாலும் நடக்கிறது, நான் போனில் என் காதால் கேட்டிருக்கிறேன். புவோன்ஜோர்னோ சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது, நீங்கள் மாற வேண்டியதும் ஒன்றுமில்லை. குறுஞ்செய்தியில் கேளுங்கள், மறுத்தால் எழுத்தில் இருக்கும். அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகமான ஊனாரின் இலவச எண் 800 90 10 10, அங்கே புகார் செய்யலாம். பல்கலைக்கழக வீட்டு வசதிப் பிரிவையும் விடாதீர்கள், அவர்களிடம் மாணவர்களுக்குக் கொடுத்துப் பழகிய வீட்டுக்காரர்கள் இருப்பார்கள்.

கடைசியாக அந்தத் தக்காளி அம்மா. நம் சந்தையில் கத்திரிக்காயை நாலு தரம் புரட்டிப் பார்க்காமல் வாங்குகிறவனைச் சாமர்த்தியம் இல்லாதவன் என்போம். இங்கே வியாபாரி அடுக்கிவைத்ததில் கை வைப்பது, அவர் நேர்மையில் சந்தேகம் சொன்னதற்குச் சமம். சூப்பர் மார்க்கெட்டில் மட்டும் நீங்களே எடுக்கலாம், அதுவும் அங்கே வைத்திருக்கும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு. வருகிற சனிக்கிழமை போர்தா பலாத்ஸோ சந்தையில் அதே கடைக்குப் போங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, 'புவோன்ஜோர்னோ சிஞ்ஞோரா, ஒரு கிலோ தக்காளி' என்று கேளுங்கள். இன்றைக்கா, நாளைக்கா என்று கேட்பார். சமைக்கப்போகும் நாளைச் சொன்னால் அதற்கேற்ற பதத்தில் பழுத்ததாகப் பொறுக்கித் தருவார், உங்களைவிட நன்றாக. நாலு வாரம் தொடர்ந்து போனால் காகிதப் பையின் மேல் ஒரு செலரித் தண்டும் கொஞ்சம் பார்ஸ்லியும் செருகிவிடுவார். 'ஒதோரி' என்பார்கள். காசு கேட்க மாட்டார். நம் ஊர்க் கறிவேப்பிலைக் கொசுறு.