சட்ட உதவி அறக்கட்டளையின் குழுவில் வக்கீல்: சில கேள்விகள், என் பதில்கள்

வசதியில்லாதவர்களுக்குக் கட்டணமின்றி வழக்கு நடத்தித் தரும் ஓர் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அதில் கடைசி மூன்று ஆண்டுகள் தலைவர். தொழிலால் வக்கீல். இந்தப் பொறுப்பை ஏற்கலாமா என்று யோசிப்பவர்களும் ஏற்றுவிட்டு முழிப்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்களுக்குப் பொருந்தும் தொழில் நடத்தை விதிகளை நீங்களும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தொழிலுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது, மேடம். சீனியர் ஒருவர் தாம் இருக்கும் சட்ட உதவி அறக்கட்டளையின் குழுவில் என்னையும் சேரச் சொல்கிறார். மாதம் ஒரு கூட்டம்தான், பெரிய வேலை இல்லை என்கிறார். நம்பலாமா?

சீனியரை நம்புங்கள். 'பெரிய வேலை இல்லை' என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

சம்மதம் சொல்வதற்கு முன் அறக்கட்டளைப் பத்திரம், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, கடைசி ஆறு கூட்டங்களின் மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு), காப்பீட்டுப் பாலிசிகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். மினிட்ஸை நிதானமாகப் படியுங்கள். எல்லாத் தீர்மானமும் 'ஏகமனதாக நிறைவேறியது' என்றே இருந்தால், அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். காப்பீட்டில், ஊழிய வக்கீல்கள் வழக்கில் செய்யும் தவறுக்கான பாதுகாப்பு ஒன்று, குழு எடுக்கும் நிர்வாக முடிவுகளுக்கான பாதுகாப்பு இன்னொன்று. முதலாவது இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள்.

அப்புறம், குழுவிலிருந்து கடைசியாக விலகியவர் யார் என்று விசாரித்து அவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். நான் பேசாமல் சேர்ந்தேன். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி பல மாதங்களாகக் கட்டப்படாமல் கிடந்ததும், முந்தைய பொருளாளர் அதனால்தான் போனார் என்பதும் இரண்டாவது கூட்டத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.

கேள்வி: எங்கள் அலுவலகம் வங்கிகளுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் ஆஜராகிறது. அறக்கட்டளையோ கடன் வாங்கியவர்களுக்காகவும் வாடகைக்காரர்களுக்காகவும் வாதாடுகிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடாதா?

எல்லோருக்கும் வருகிற பயம் இது. ஆனாலும் குழுவில் இருக்கலாம்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதிகளில் 6.3 என்ற விதி இதைப் பற்றியே பேசுகிறது. ஒரு சட்ட உதவி அமைப்பு உங்கள் கட்சிக்காரருக்கு எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கு உதவி செய்தாலும், நீங்கள் அதன் குழுவில் இருக்கத் தடையில்லை என்கிறது அது. குழுவில் இருப்பதாலேயே அந்த அமைப்பு உதவும் ஏழை உங்கள் கட்சிக்காரர் ஆகிவிடுவதில்லை என்பதுதான் அடிப்படை. அப்படி ஆகிவிடும் என்று வைத்தால், தொழில் செய்கிற வக்கீல் ஒருவர்கூட இந்தக் குழுக்களில் உட்கார முடியாது.

ஆனால் இரண்டு இடங்களில் அந்த விதி கதவை மூடுகிறது. குழுவின் ஒரு முடிவு உங்கள் சொந்தக் கட்சிக்காரருக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமையோடு மோதினால், தெரிந்தே அதில் பங்கெடுக்கக் கூடாது. அந்த முடிவால், உங்கள் கட்சிக்காரரை எதிர்த்து நிற்கும் ஏழையின் வழக்கு பலவீனப்படும் என்றாலும் கூடாது.

நடைமுறையில் இது எப்படி வரும் என்றால், 'அடுத்த ஆண்டு குடும்ப வழக்குகளுக்கு முன்னுரிமை' என்ற பேச்சில் நீங்கள் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். 'வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளை இனி எடுப்பதா, விடுவதா' என்று வந்தால், நூறு வீடு வைத்திருக்கும் உரிமையாளர் உங்கள் கட்சிக்காரராக இருக்கும் பட்சத்தில் ஒதுங்கிவிடுங்கள். ஒதுங்குவது என்றால் வாயை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எழுந்து வெளியே போக வேண்டும். அந்தப் பொருள் குறித்த காகிதங்களே உங்களுக்கு வரக் கூடாது. எப்போது வெளியே போனீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்பது மினிட்ஸில் ஏற வேண்டும். சேர்வதற்கு முன்பே உங்கள் அலுவலகப் பங்காளிகளிடமும் சொல்லிவிடுங்கள். வங்கிக்காரர் ஒருநாள் போன் செய்து கேட்கும்போது அவர்கள் விழிக்கக் கூடாது.

இந்தியாவில் தொழில் செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஓர் அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கும் வக்கீல் அந்த அமைப்புக்காகவோ அமைப்புக்கு எதிராகவோ ஆஜராகக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி. வழக்கறிஞர் சங்கம் போன்றவற்றுக்குக் கட்டணமில்லாமல் ஆஜராவதற்கு விலக்கு உண்டு. உங்கள் அறக்கட்டளைக்கு அந்த விலக்கு கிடைக்காது. கட்டடச் சொந்தக்காரர் அறக்கட்டளை மீதே வழக்குப் போட்டால், ஆசைப்பட்டு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பெரிய நன்கொடையாளர் ஒருவர் ஒரு குறிப்பிட்ட வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கிறார். குழு உறுப்பினர் என்ற முறையில் நான் ஃபைலைப் பார்த்துச் சொல்லலாமா?

கூடாது. ஃபைல் குழுவின் சொத்து கிடையாது. அதில் இருப்பது கட்சிக்காரரின் ரகசியம். அதைக் காக்க வேண்டியவர் வழக்கை நடத்தும் ஊழிய வக்கீல். நீங்களும் வக்கீல் என்பதால் விலக்கு வந்துவிடாது.

எந்த வகை வழக்குகளை எடுப்பது, வருமான வரம்பு எவ்வளவு, எத்தனை வக்கீல்களை வேலைக்கு வைப்பது என்பதெல்லாம் குழு முடிவு செய்ய வேண்டியவை. வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்ட பிறகு அதை எப்படி நடத்துவது என்பதில் குழு தலையிடக் கூடாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1970-லேயே தன் 324-ஆம் எண் கருத்துரையில் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போட்டது.

எங்கள் குழுவில் ஒருவர், மிக நல்ல மனிதர், ஊழிய வக்கீல் ஒருவரைப் போனில் அழைத்து "அந்தப் பாகப்பிரிவினை என்னம்மா ஆச்சு? எதிர்த்தரப்பு எனக்குத் தெரிஞ்சவங்கதான்" என்று கேட்டார். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண் இரண்டு நாள் தூங்கவில்லை. தன் சம்பளத்தையும் பதவி நீட்டிப்பையும் முடிவு செய்கிறவர்களில் ஒருவர் எதிர்த்தரப்புக்கு வேண்டியவர் என்று தெரிந்த பிறகு யாரால் துணிந்து குறுக்கு விசாரணை செய்ய முடியும்? அதன் பிறகு, வழக்கு பற்றி எந்த உறுப்பினரும் ஊழியரிடம் நேரடியாகப் பேசக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். குழுவுக்கு வரும் அறிக்கையிலும் எண்ணிக்கையும் வகையும் மட்டும் வரச் செய்தோம். பெயரை எடுத்துவிட்டால் போதாது. 'மூன்று பிள்ளைகள் உள்ள ஆசிரியை' என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: கூட்டத்துக்குக் கூட்டம் என்னிடம் சட்ட ஆலோசனை கேட்கிறார்கள், அக்கா. வாடகை ஒப்பந்தம், ஊழியரை நீக்குவது என்று ஏதாவது ஒன்று. சொன்னால் பொறுப்பு என் தலையில் விழுமா? சொல்லாமல் இருந்துவிடலாமா?

சொன்னாலும் பொறுப்பு உண்டு, சொல்லாவிட்டாலும் உண்டு! இங்கிலாந்தின் 2000-ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டம், ஒருவரிடம் எவ்வளவு கவனத்தை எதிர்பார்க்கலாம் என்று அளக்கும்போது, அவருக்கு இருக்கும் தனி அறிவையும் அனுபவத்தையும் சேர்த்தே அளக்கிறது. வேலை ஒப்பந்தச் சட்டம் தெரிந்த நீங்கள், தவறான பணிநீக்கம் கண்ணெதிரே நிறைவேறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது.

அதற்காக அறக்கட்டளையின் இலவச வக்கீலாக மாறிவிடவும் வேண்டாம். "இதில் ஆபத்து இருக்கிறது, வெளியே ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்" என்று சொல்வது உறுப்பினர் வேலை. அந்தக் கருத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது வக்கீல் வேலை. எழுதிக் கொடுத்தால், உங்கள் தொழில் காப்பீடு அதை ஏற்குமா என்ற கேள்வி வரும். நாளைக்கு வழக்கு என்று வந்தால், கூட்டத்தில் நீங்கள் சொன்னது வக்கீல் ஆலோசனையா உறுப்பினர் கருத்தா என்று தோண்டுவார்கள். வக்கீல் ஆலோசனைக்கு உள்ள ரகசியப் பாதுகாப்பு, டீ குடித்துக்கொண்டே சொன்ன அபிப்பிராயத்துக்குக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: என் அலுவலகமே அறக்கட்டளைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யலாமா? குறைந்த கட்டணம்தான்.

சில இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம், நியாயமான தொகை, பணம் பெறும் அறங்காவலர்கள் சிறுபான்மையாக இருப்பது போன்ற நிபந்தனைகளோடு முடியும். என்னைக் கேட்டால் வேண்டாம். பில்லைச் சரிபார்க்க வேண்டியவர்கள் உங்கள் நண்பர்கள். "இது அதிகம்" என்று அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் பதினொரு பேரும் வக்கீல்கள். சட்ட உதவி அமைப்புக்கு இது பலம்தானே?

பலவீனம் என்பேன். எங்கள் குழு ஒருமுறை ஒரு துணைவிதியில் 'வேண்டும்' என்று எழுதுவதா, 'லாம்' போட்டு முடிப்பதா என்று நாற்பது நிமிடம் வாதாடியது. அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் ஐந்து நிமிடத்தில் நிறைவேறியது. அதில் பற்றாக்குறை இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

அமெரிக்காவில் மத்திய அரசு நிதியளிக்கும் சட்ட சேவைக் கழகத்திடம் பணம் பெறும் அமைப்புகளுக்கு ஒரு விதி உண்டு. குழுவில் குறைந்தது 60 விழுக்காடு வக்கீல்கள் இருக்க வேண்டும். அதோடு, குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் அந்த உதவியைப் பெறும் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும். இரண்டாவது பாதிதான் எனக்குப் பிடித்தது. முன்பு எங்களிடம் உதவி பெற்ற ஒரு பெண்மணி குழுவுக்கு வந்தார். முதல் ஆறு மாதம் பேசவே இல்லை. ஒருநாள், "உங்க பாரத்துல முதல் கேள்வியே வருமானம் எவ்வளவுங்கறதுதான். அதைப் பார்த்துட்டு நான் ரெண்டு தடவை வாசலோட திரும்பிப் போனேன்" என்றார். அந்தப் பாரத்தை வடிவமைத்தவர்கள் நான்கு வக்கீல்கள். கேள்வியைக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றினோம். ஒரு கணக்காளரையும் ஒரு சமூகப் பணியாளரையும் கூடவே சேருங்கள்.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. பணம் பற்றிக் குறைந்தபட்சம் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில், எந்தப் பணம் எதற்கு வந்தது என்பது. குடும்ப வன்முறை வழக்குகளுக்கென்று வந்த நன்கொடையில் அலுவலக வாடகை கட்டக் கூடாது. அவசரத்துக்கு எடுத்துவிட்டுத் திருப்பி வைக்கலாம் என்றுதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

அடுத்து இருப்பு நிதி. சட்ட உதவி அமைப்பு மற்ற தொண்டு நிறுவனங்களைப் போன்றதில்லை. ஒரு நூலகத்துக்குப் பணம் தீர்ந்தால் கதவை மூடிவிடலாம். இங்கே நடக்கும் வழக்குகள் இருக்கும், காலவரம்பு முடியப் போகும் மனுக்கள் இருக்கும். வழக்கிலிருந்து விலக நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் வேறு வக்கீல் தேட வேண்டும், பழைய ஃபைல்களைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைக்க வேண்டும். ஆகவே 'எத்தனை மாதச் சம்பளம் கையில் இருக்கிறது' என்று மட்டும் கேட்டால் போதாது. 'நாளைக்கே மூடுவதென்றால் எல்லா வழக்குகளையும் ஒழுங்காக ஒப்படைக்க எவ்வளவு காலம், எவ்வளவு பணம் ஆகும்' என்று கேளுங்கள். நான் இதைக் கேட்ட அன்று அறையில் யாரிடமும் பதில் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோது எங்கள் இருப்பு அதில் பாதிகூட இல்லை.

கேள்வி: அரசு நிதி வாங்கினால் அரசுக்கு எதிராக வழக்கு நடத்த முடியுமா?

நிதி ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் பொறுத்தது. நான் மேலே சொன்ன அமெரிக்கக் கழகத்திடம் பணம் பெறுவோர் பலருக்காகச் சேர்ந்து தொடுக்கும் குழு வழக்குகளில் இறங்கக் கூடாது என்று 1996-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தடை போட்டது. நலத்திட்டச் சட்டங்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற தடையும் அதோடு வந்தது. அந்த ஒரு தடையை வெலாஸ்கெஸ் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ரத்து செய்தது. இப்படித் தீர்ப்பு வாங்கித் தரும் சக்தி எல்லா அறக்கட்டளைக்கும் இருக்காது. பணம் வாங்குவதற்கு முன்பே நிபந்தனைகளைப் படித்து, ஏற்க முடியாததை மறுப்பதுதான் குழுவின் வேலை. ஒரே இடத்திலிருந்து பாதிக்கு மேல் பணம் வந்தால் மறுக்கும் தைரியமும் வராது.

கேள்வி: குழுவில் இருப்பது இலவச சட்ட சேவைக் கணக்கில் சேருமா?

ஓரளவு. அமெரிக்க மாதிரி விதி 6.1 ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. அதில் பெரும்பகுதி வசதியில்லாதவர்களுக்கு நேரடியாகச் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். குழுப் பணி மீதிப் பகுதியில்தான் வரும். சரிதான் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் பிஸ்கட் சாப்பிட்டதை ஏழைக்கு வாதாடியதோடு சேர்த்து எண்ண எனக்கே கூச்சமாக இருந்தது.

கேள்வி: விலக நினைக்கிறேன். வாயால் சொன்னால் போதுமா?

போதாது. தேதி போட்டுக் கடிதம் கொடுங்கள், அது மினிட்ஸில் ஏறியதா என்று பாருங்கள். பதிவுத் துறையில் உங்கள் பெயர் நீக்கப்பட்டதற்கான நகலை வாங்குங்கள். கையில் உள்ள கூட்டக் காகிதங்களைத் திருப்பிக் கொடுங்கள். வங்கிக் கையெழுத்தை மறக்காமல் மாற்றச் சொல்லுங்கள். நான் விலகி எட்டு மாதம் கழித்து, ஒரு காசோலைக்கு என் ஒப்புதல் கேட்டு வங்கியிலிருந்து போன் வந்தது.