அமெரிக்காவில் கைதிக்கு அரசு செலவில் வைத்தியம், காப்பீடு இல்லாத ஏழைக்கு இல்லை. இது எப்படி நியாயம்?

நியாயம் இல்லைதான். ஆனால் கைதிக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள், அதனால்தான் ஏழைக்கு இல்லை என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

டெக்சாஸ் சிறையில் வேலை செய்யும்போது பஞ்சுப் பொதி விழுந்து முதுகில் அடிபட்ட ஒருவர் தொடுத்த வழக்கில் 1976-ல் வந்த தீர்ப்புதான் இதற்கெல்லாம் ஆணிவேர் (எஸ்டெல் எதிர் கேம்பிள்). கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது, கொடூர தண்டனையைத் தடை செய்யும், அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தத்துக்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். பூட்டி வைத்தது அரசு. உள்ளே இருப்பவர் தானாக எழுந்து டாக்டரிடம் போக முடியாது. அதனால் பொறுப்பும் அரசுடையது.

வெளியே இருப்பவருக்கு அப்படியோர் அரசியல் சாசன உரிமை கிடையாது. 1986-ல் வந்த எம்டாலா என்ற அவசர சிகிச்சைச் சட்டப்படி அவசரப் பிரிவில் அவரைப் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் பில் வரும். சர்க்கரை நோயாளிக்கு மாதாமாதம் இன்சுலின் கொடுக்க அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மயங்கி விழுந்து தூக்கிக்கொண்டு போனால்தான் கதவு திறக்கும்.

சரி, சிறைக்குள் நிலைமை என்ன? 2015 நிதியாண்டில் ஒரு கைதியின் மருத்துவத்துக்கு லூசியானா செலவழித்தது சுமார் 2,200 டாலர், கலிபோர்னியா ஏறக்குறைய 19,800. அந்தக் கலிபோர்னியாவும் மனமுவந்து கொடுக்கவில்லை. அங்கே ஆறேழு நாளுக்கு ஒரு கைதி தடுத்திருக்கக்கூடிய காரணத்தால் சாகிறார் என்று 2005-ல் நீதிமன்றமே கண்டறிந்து, சிறை மருத்துவத்தை மாநிலத்தின் கையிலிருந்து பிடுங்கி வேறொருவர் பொறுப்பில் விட்டது. டெக்சாஸில் பெரும்பாலான சிறை வேலைக்குக் கூலியே இல்லை. ஆனால் கைதி தானாகக் கேட்டு டாக்டரைப் பார்த்தால் 13.55 டாலர் கட்டணம் என்று 2019-ல் வைத்தார்கள். விளைவு, கைதிகள் நோயை முற்றவிட்டுத்தான் டாக்டரிடம் காட்டுகிறார்கள். வெளி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி, காவலர், படுக்கையருகே இரவு பகல் காவல் என்று செலவு பல மடங்காகிறது.

அடுத்து, இரண்டும் ஒரே உண்டியல் இல்லை. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து ஏழைகளுக்காக நடத்தும் மருத்துவக் காப்பீடுதான் மெடிகெய்டு. சிறைக்குள் போனவருக்குப் பொதுவாக அந்தப் பணம் வராது. 1965-ல் அந்தத் திட்டம் பிறந்தபோதே போட்ட விதி அது. மாநில வரிப்பணம்தான். முக்கிய விதிவிலக்கு, வெளி மருத்துவமனையில் 24 மணி நேரமோ அதற்கு மேலோ உள்நோயாளியாக இருந்தால் மெடிகெய்டு கட்டலாம். மெடிகெய்டை இன்னும் அதிக ஏழைகளுக்கு விரிவாக்கிய மாநிலம் என்றால், அதில் புதிதாகத் தகுதி பெற்றவர்களுக்கான செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. விரிவாக்காத மாநிலம் அந்தக் கைதிகளுக்கு முழுத்தொகையையும் தானே கட்டுகிறது. ஏழைக்கு மறுத்த அதே முடிவால் சிறைச் செலவிலும் அடி வாங்குகிறது.

உண்மையான ஓட்டை இங்கேதான். ஒபாமாகேர் எனப்படும் 2010 காப்பீட்டுச் சட்டம் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள எல்லோரும் மெடிகெய்டில் வந்துவிடுவார்கள் என்று நம்பி, காப்பீட்டு மானியத்தை அந்தக் கோட்டிலிருந்துதான் ஆரம்பித்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பம் என்று சொல்லிவிட்டது. டெக்சாஸும் ஃப்ளோரிடாவும் ஏற்கவில்லை. ஆக அங்கே பிள்ளைகள் இல்லாத, உடல் ஊனமில்லாத 40 வயதுக்காரர் எவ்வளவு ஏழையானாலும் மெடிகெய்டு இல்லை. வருமானம் போதாது என்பதால் மானியமும் இல்லை. சிறை பட்ஜெட்டை வெட்டினால் இவருக்கு ஒரு டாலர்கூட வந்து சேராது.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் முதலில், வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும், மத்திய அரசு நிதி பெறும் சமூக சுகாதார மையத்தைத் தேட வேண்டும். லாப நோக்கமற்ற மருத்துவமனையிலிருந்து பில் வந்துவிட்டதா? கிரெடிட் கார்டில் கட்டிவிடாதீர்கள். அதன் நிதியுதவிக் கொள்கையைக் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். வீடு திரும்பியபின் வந்த முதல் பில் தேதியிலிருந்து 240 நாள் வரை அவர்கள் அதை வாங்கித்தான் ஆக வேண்டும்.