பழைய லேப்டாப் வாங்குறவர் பணம் அனுப்பிட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் காட்டுறார், நம்பிக் கொடுக்கலாமா?

லேப்டாப் விக்க விளம்பரம் போட்டேன், ஒருத்தர் பேரமே பேசாம ஓகேன்னுட்டார், பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டும் போட்டுட்டார், சாயங்காலம் தம்பியை அனுப்பி எடுத்துக்கிறேங்குறார், ஆனா அக்கவுண்ட்ல இன்னும் ஏறலன்னு கேட்டிருக்கீங்க. கொடுக்காதீங்க. பணம் ஏறுற வரைக்கும் கொடுக்காதீங்க, ஏறின பிறகும் அது யார் பேர்ல இருந்து வந்திருக்குன்னு பாக்காம கொடுக்காதீங்க. இந்த ரெண்டாவது விஷயத்தை நிறைய பேர் சொல்றதில்ல, அதுக்கு அப்புறம் வரேன்.

என் கதையைக் கேளுங்க. லென்ஸோட ஒரு கேமரா வித்துக்கிட்டிருந்தேன். பழைய கேமரா வாங்க வர்ற ஆள் லென்ஸை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு உள்ள பூஞ்சை இருக்கான்னு பாப்பான், ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேப்பான், ஒரு கீறலைக் காட்டி விலையைக் கொறைக்கப் பாப்பான். வந்தவர் இதெல்லாம் ஒண்ணுமே பண்ணல, பையைத் திறந்து எட்டிப் பாத்தார், "ஓகே ப்ரோ"ன்னார், அடுத்த நிமிஷம் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். பச்சை டிக், என் பேர், சரியான தொகை, நீளமா ஒரு டிரான்ஸாக்‌ஷன் நம்பர், டிங்குன்னு ஒரு சத்தம் வேற. என் ஆப்பைத் திறந்தா பேலன்ஸ் பழையபடியே கெடக்கு. மூணு தடவை ரிஃப்ரெஷ் பண்ணேன். "உங்க பேங்க் சர்வர் ஸ்லோ ப்ரோ, வெளிய வண்டி நிக்குது, எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு"ன்னு கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்ட மாதிரி நிக்கிறார். அந்த நேரம் பாத்து பணம் கிரெடிட் ஆச்சுன்னு ஒரு எஸ்எம்எஸ்ஸும் வந்துச்சு. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, எனக்கு மனசு ஆடிருச்சு, பை ஜிப்பை மூடி அவர் பக்கம் நகத்தியே வெச்சுட்டேன்.

அப்புறம்தான் கவனிச்சேன், அந்த மெசேஜ் ஏதோ சாதாரண மொபைல் நம்பர்ல இருந்து வந்திருக்கு. பையை மறுபடி என் பக்கம் இழுத்துக்கிட்டு "உக்காருங்க, ஏறினதும் எடுத்துட்டுப் போங்க"ன்னேன். ஒரு கால் பேசிட்டு வரேன்னு வெளிய போனார், போனவர் போனவர்தான், என் நம்பரையும் பிளாக் பண்ணிட்டார்.

எனக்கு வந்தவர் கொஞ்சம் அரைகுறை, அதனால தப்பிச்சேன். பேங்க் பேரையே அனுப்புறவர் பேரா போட்டு மெசேஜ் அனுப்ப முடியும், அது உங்க போன்ல உண்மையான பழைய பேங்க் மெசேஜுக்குக் கீழயே போய் உக்காந்துக்கும். பச்சை டிக் ஸ்கிரீனை அப்படியே வரைஞ்சு குடுக்குற போலி ஆப்பும் இருக்கு. ஈமெயில்னா இன்னும் சுலபம், "பணம் வந்துருச்சு, பார்சல் அனுப்பின டிராக்கிங் நம்பரைப் போட்டாதான் ரிலீஸ் ஆகும்"னு லோகோவோட வரும். அதனால அவங்க காட்டுறது, உங்களுக்கு வர்றது எதையும் கணக்குல எடுக்காதீங்க. நீங்களே உங்க ஆப்பைத் திறந்து (மெசேஜ்ல இருக்குற லிங்க் வழியா இல்ல) ஸ்டேட்மெண்ட்ல அந்த வரி இருக்கான்னு பாக்கணும், அவ்வளவுதான்.

இன்னொரு வகை, பணம் அனுப்புறேன்னு சொல்லி உங்ககிட்ட எதையாவது பண்ணச் சொல்றது. இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, இந்த லிங்க்ல கார்டு நம்பரும் பின்னாடி இருக்குற மூணு நம்பரும் போட்டா பணம் வந்துரும், நீங்க நிஜ ஆளான்னு பாக்க ஒரு கோட் அனுப்பியிருக்கேன் அதைச் சொல்லுங்க. பணம் வாங்க பின்னும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அந்த கோட் பெரும்பாலும் உங்க அக்கவுண்ட்டுக்குள்ள நுழையறதுக்கோ, உங்க நம்பரை வெச்சு புதுசா ஒரு அக்கவுண்ட் திறக்குறதுக்கோதான்.

"ஐயோ ஒரு சைபர் கூடுதலா போட்டுட்டேன், மிச்சத்தை திருப்பி அனுப்பிருங்க" இதுவும் பழைய வித்தை. பாதி நேரம் பணமே வந்திருக்காது. செக்கா இருந்தா நிஜமாவே பேலன்ஸ்ல காட்டும், அதுதான் சிக்கலே. செக் போட்ட ஒண்ணு ரெண்டு நாள்லயே தொகையை எடுக்க விடுற பேங்க் உண்டு, ஆனா அது போலின்னு தெரிஞ்சு திரும்ப வர சில சமயம் வாரக்கணக்காகும், அப்போ பேங்க் உங்க அக்கவுண்ட்ல இருந்துதான் பிடிக்கும். நீங்க திருப்பி அனுப்பினது மட்டும் நிஜப் பணம். கூடுதலா வந்தா நீங்களா அனுப்பாதீங்க, பேங்க்ல சொல்லி வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்க.

இப்போ அந்த ரெண்டாவது விஷயம். ஏமாத்துறவன் உங்க லேப்டாப் போட்டோவைத் திருடி தன்னோடதுன்னு வேற எங்கயாவது விளம்பரம் போடுவான். அங்க ஒரு அப்பாவி வாங்க வருவார், அவர்கிட்ட உங்க அக்கவுண்ட் நம்பரைக் குடுத்து பணம் போடச் சொல்வான். உங்களுக்கு நிஜப் பணம் வரும், அதை நம்பி நீங்க லேப்டாப்பை அவன் அனுப்புன "தம்பி"கிட்ட குடுத்துருவீங்க. அந்த அப்பாவிக்குப் பொருள் வராது, புகார் குடுப்பார், புகார்ல இருக்குறது உங்க பேர், முடங்குறது உங்க அக்கவுண்ட். அனுப்பினவர் பேரும் நேர்ல வந்து வாங்குறவர் பேரும் ஒண்ணா இல்லன்னா கண்டிப்பா வேணாம்னு சொல்லுங்க, அண்ணன் அனுப்பினார் மாமா அனுப்பினார் எதுவும் கிடையாது. அது சாக்குன்னே வெச்சுக்கோங்க, நிஜமா இருந்தா அந்த அண்ணனே நேர்ல வரட்டுமே.

கார்டு, பேபால் மாதிரி வழியில வாங்கினீங்கன்னா அது பின்னாடி திரும்பிப் போகலாம்னும் தெரிஞ்சுக்கோங்க. பேபால்ல வாங்கினவர் 180 நாள் வரைக்கும் தகராறு எழுப்பலாம், கார்டுல பொதுவா 120 நாள். நேர்ல குடுத்த பொருளுக்கு டிராக்கிங்கும் இருக்காது, "எனக்கு வரவே இல்ல"ன்னு அவர் சொன்னா உங்க கையில ஆதாரம் ஒண்ணும் இருக்காது. அதனால நேர்ல விக்கும்போது நான் ரொக்கம், இல்லன்னா என் முன்னாடியே பேங்க் டிரான்ஸ்ஃபர், வேற எதுவும் ஒத்துக்கிறதில்ல. தொகை பெருசுன்னா அவரை என் பேங்க் கிளைக்கே வரச் சொல்லிருவேன், நோட்டையும் அங்கயே எண்ணி செக் பண்ணிப் போட்டுரலாம்.

உங்க ஆளுக்கு இப்பவே ஒரு மெசேஜ் போடுங்க: "பணம் இன்னும் ஏறல, ஏறினதும் நானே கூப்பிடுறேன், அனுப்பினவரே ஐடியோட வரணும்." நல்ல ஆளா இருந்தா சரின்னுவார். கோவப்பட்டு போலீஸ், கேஸுன்னு கத்தினா சாட் மெசேஜை அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு பிளாக் பண்ணுங்க. ஏற்கனவே பின், கோட் ஏதாவது குடுத்திருந்தா முதல்ல பேங்குக்கு போன், இந்தப் பதில்ல மிச்சத்தை அப்புறம் படிச்சுக்கலாம். விளம்பரத்தை இன்னும் எடுத்துராதீங்க, லேப்டாப்பை ஃபார்மேட் பண்ற வேலையையும் நெஜமா வாங்குறவர் வந்த பிறகு வெச்சுக்கோங்க, இல்லன்னா டெமோ காட்ட திரும்ப எல்லாம் இன்ஸ்டால் பண்ணணும், நான் பண்ணேன்.