சதுர அடிக் கணக்கு மட்டும் போதாது

கார்பெட் கழுவச் சதுர அடிக்கு 8 ரூபாய் வாங்கியும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்கிறீர்கள். சகோ, கோளாறு அந்த 8 ரூபாயில் இல்லை. ஐந்துக்கு ஏழு கார்பெட் 35 சதுர அடி. 280 ரூபாய்தான் வரும். அதற்காக மெஷினை வண்டியில் ஏற்றி, மாடிக்குத் தூக்கி, அரை நாள் போய்விடும். அதனால் வீட்டுக்கு வந்தாலே குறைந்தபட்சம் இவ்வளவு என்று முதலில் ஒரு தொகை வையுங்கள். பெட்ரோல், ஷாம்பு, ஆள் கூலி, மெஷின் தேய்மானம் எல்லாம் அதில் அடங்கட்டும். முக்கியமாக உங்கள் கூலி. பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், கம்பளி நூல் கார்பெட்டுக்குத் தனி ரேட். காரம் கூடிய ஷாம்பு அதற்கு ஆகாது, காயவும் நேரமாகும். ஈர வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். நாய் மூத்திரம் அடிவரை இறங்கியிருக்கும், போட்டோவைப் பார்த்து விலை சொல்ல வேண்டாம்.